இணைநோய் என்பது விலக்கு அன்று

கொரோனாப் பெருந்தொற்றின்போது தமிழ்நாடு அரசு நாள்தோறும் வெளியிட்ட அறிக்கைகளில் இறந்தவரின் வயது, பாலினம், இணைநோய் ஆகியன இடம்பெற்றன, சாதி இடம்பெறவில்லை. இணைநோய்களின் வரிசையில் திரும்பத் திரும்ப வந்த பெயர் நீரிழிவு. அச்சொல் மருத்துவக் குறிப்பாக நின்றதா, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சாக்காக மாறியதா என்பதே நம்முன் உள்ள வினா.

நீரிழிவு கொரோனாவைக் கொடியதாக்கும் என்பதில் ஐயமில்லை. 2020-இல் இங்கிலாந்தில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வில், மருத்துவமனைகளில் கொரோனாவால் இறந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நீரிழிவாளர். வயது, வறுமை முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோர் இறக்கும் வாய்ப்பு நீரிழிவு இல்லாதோரைக் காட்டிலும் இரு மடங்காக இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதோரிடையே இறப்பு மேலும் மிகுந்திருந்தது. உயிர்காக்கக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டும் சர்க்கரையை உயர்த்தும். 2021-இல் கரும்பூஞ்சைக்கு இலக்கானோரில் பெரும்பாலோர் நீரிழிவாளரே.

ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் பொறுத்ததன்று. பரிசோதனை, இடைவிடாத மாத்திரை, நேரத்துக்கு உணவு, மருத்துவமனை செல்ல ஊதியத்துடன் விடுப்பு ஆகிய அனைத்தும் அதற்கு வேண்டும். விடியும் முன்பே குப்பை அள்ளச் செல்லும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களில் எத்தனை பேருக்கு இவை வாய்த்துள்ளன?

தடுப்பூசி விதியும் இந்த வேற்றுமையைப் பொருட்படுத்தவில்லை. 2021 மார்ச் 1 முதல், 45 முதல் 59 வயது வரையிலானோரில் குறிப்பிட்ட இணைநோய் உள்ளோருக்கே ஒன்றிய அரசு தடுப்பூசியை அனுமதித்தது. பத்தாண்டுக்கு மேற்பட்ட அல்லது சிக்கல்களுடன் கூடிய நீரிழிவு, அத்துடன் இரத்தக் கொதிப்புக்கான சிகிச்சை, இவற்றுக்கு மருத்துவர் சான்று எனப் பட்டியல் கேட்டது. நோயே கண்டறியப்படாதவர் பத்தாண்டுச் சான்றுக்கு எங்கே போவார்? 45 வயதைக் கடந்த அனைவருக்கும் வாயில் திறந்தது ஏப்ரல் 1-இல்தான்.

சட்டத்தின் நிலை தெளிவானது. நீரிழிவு போன்ற இணைநோயை இறப்பின் அடிப்படைக் காரணமாகப் பதியக் கூடாது என்று 2020-லேயே ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டியது. கௌரவ் குமார் பன்சால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30-இல் அளித்த தீர்ப்பின் தொடர்ச்சியாக 50,000 ரூபாய் நிவாரணம் வரையறுக்கப்பட்டது. இறப்புச் சான்றில் கொரோனா எனக் குறிப்பிடப்படவில்லை என்பதை மட்டுமே காட்டி அத்தொகையை மறுக்கலாகாது என்று அக்டோபர் 4-இல் அந்நீதிமன்றம் ஆணையிட்டது. தீங்கிழைத்தவர், பாதிக்கப்பட்டவரை அவர் இருந்த உடல்நிலையிலேயே ஏற்றாக வேண்டும் என்பது இழப்பீட்டுச் சட்டத்தின் பழைய நெறி. நலிந்த உடல், பொறுப்பைக் குறைக்காது, கூட்டும்.

எனவே நாம் கோருவன மூன்று: ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் அனைவருக்கும் வேலை நேரத்திலேயே ஊதியம் பிடிக்காமல் சர்க்கரைப் பரிசோதனையும் மருந்தும், நிவாரணம் மறுக்கப்பட்ட மனுக்களின் மறு ஆய்வு, அடுத்த பெருந்தொற்றின் இறப்புப் பதிவில் சாதியும் தொழிலும். எண்ணப்படாத இறப்புக்கு எந்த மன்றத்திலும் நீதி கேட்க இயலாது.