தனுஷ்கோடியில் ஒரு குடம் நல்ல தண்ணீர்

நம்ம கோவில்பட்டிப் பக்கத்துப் பெண்களுக்கு ராமேசுவரம் என்றால் 22 தீர்த்தமும் சாமி தரிசனமும்தான். ஈரப் புடவை காய்வதற்குள் பஸ் ஏறிவிடுவோம். அடுத்த தடவை போகிற சகோதரிகள் அரை நாள் கூட வைத்துக்கொண்டு தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டு வாருங்கள். முன்பு மணலில் வேன் குலுங்கக் குலுங்கப் போகவேண்டும். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது.

இடிந்த சர்ச்சும் மீனவர் குடிசைகளும் நிற்கிற இந்த இடம் ஒரு காலத்தில் கப்பல் துறை! 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயிலில் எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். கடல் தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான்; நாம் தூத்துக்குடி போகிற தூரத்தில் பாதி. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ஊரும் போச்சு. வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களோடு போச்சு. பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984-ல் நின்றது.

இதெல்லாம் எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். என் கண் போனதோ வேறு இடத்தில். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் மணலைத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "குடிச்சுப் பாருங்கக்கா" என்றாள். உப்பே இல்லை! தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருமுன் ஊருணிக்கு நடந்து நடந்து கால் தேய்ந்தவளாச்சே நான், சும்மா விடுவேனா? விசாரித்தேன்.

நம்ம கரிசல் மண் மழையைச் சட்டென்று கீழே விடாது. அதனால்தான் ஊருணி வெட்டித் தேக்குகிறோம். மணல் அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, ஆகையால் மேலாக நிற்கிறது. சிரட்டையால் மெல்ல மொண்டால் நல்ல தண்ணீர். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும்.

அதே மணலில்தான் சுற்றுலா வருகிறவர்கள் சோற்றுப் பொட்டலத்தை வீசுகிறார்கள், குழந்தைகளை ஒதுங்க வைக்கிறார்கள். மேலே போட்டது மழையோடு கீழே இறங்கி, அந்தப் பெண்ணின் குடத்துக்குத்தானே வரும்? கைக்குழந்தைக்காரர்கள் ஒரு பை கொண்டுபோய், அழுக்குத் துணியையும் குப்பையையும் அதில் போட்டுத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். அரிச்சல்முனையில் கடல் இழுப்பு ஜாஸ்தி, பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். பொழுது சாயுமுன் கிளம்பிவிட வேண்டும். குடிதண்ணீர் உங்கள் கையோடு இருக்கட்டும். ஊற்றுத் தண்ணீர் ருசி பார்க்க ஒரு கை போதும்.