கோடு போடத் தெரியாதவளும் போகலாம்



"கோடிங் நடக்கிற இடத்துக்கு நீ போயி என்னடி செய்யப் போற? சமோசா தின்னுட்டு வரப் போற!" இது என் தோழிகள் என்னைக் கேட்டது. சமோசா தின்றது உண்மைதான். ஆனால் அங்கே வேறொன்றும் நடந்தது. அதைச் சொல்லிவிட்டு என் கருத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, டவுனில் உள்ள கல்லூரியில் மென்பொருள் சுதந்திர தினம் நடந்தது. 2004-இல் தொடங்கிய இந்த நாளைப் பல நாடுகளில் கொண்டாடி வருகிறார்கள். ஒரு மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், திருத்தலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்றால் அதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர். 1991-இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கிய லினக்ஸ் இதற்கு நல்ல உதாரணம்.

இந்த விழாவுக்கு ஆள் எடுக்கும்போது டீச்சர், "கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க மட்டும் எந்திரிங்க" என்றார். ஆறு பேர் எழுந்தார்கள். ஆறு பேரும் பையன்கள். எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். பேப்பரில் கம்ப்யூட்டர் பற்றி எது வந்தாலும் வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பேன். ஆனால் கோடு என்றால் ஸ்கேல் வைத்துப் போடுகிற கோடுதான் தெரியும். அதனால் எழவில்லை. இன்டர்வெல்லில் மனசு கேட்காமல் போய், "எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், ஆனா பார்க்கணும்" என்றேன். டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, நீயும் வா" என்றார்.

காலையில் பேசியவர்கள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை. மத்தியானம் கல்லூரி அக்காமார் சிலர், ஊர் நூலகங்களுக்காகத் தாங்களே எழுதிய ஒரு மென்பொருளைக் காட்டினார்கள். யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்று அதில் பதியலாம். "உங்க பேரை அடிச்சுப் பாருங்க" என்றார்கள். எங்கள் பையன்கள் எல்லாரும் இங்கிலீஷில் அடித்தார்கள். சரியாக ஏறியது. நான் தமிழில் அடித்தேன்.

"முத்துலட்சும" என்று நின்றுவிட்டது!

கடைசி 'மி' வரவே இல்லை. ஏதோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து கையை எடுத்துவிட்டேன். பையன்கள் சிரித்தார்கள். ஓர் அக்கா மறுபடி அடிக்கச் சொன்னார். மறுபடியும் "முத்துலட்சும". அதையே இங்கிலீஷில் அடித்தால் முழுசாக ஏறியது. அக்கா நிரலைத் திறந்து பார்த்தார். பெயர்க் கட்டத்தில் 12-க்கு மேல் ஏறக்கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். இங்கிலீஷில் என் பெயருக்குச் சரியாக 12 எழுத்து.

"ஆனா தமிழ்ல எம் பேரு ஏழு எழுத்துதானே அக்கா?" என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். மு, த், து, ல, ட், சு, மி.

அப்போதுதான் அக்கா விளக்கினார். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். அதில் தமிழுக்கான முதன்மைப் பகுதியில் இருப்பதே 128 இடங்கள். நம் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் கிடையாது. 'மு' என்றால் கம்ப்யூட்டருக்கு 'ம' ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'த்' என்றால் 'த' ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி எண்ணினால் என் பெயர் 13. பன்னிரண்டோடு கட்டம் நின்றுவிட்டது, பதின்மூன்றாவதான இகரக் குறி வெளியே போய்விட்டது.

எனக்கு உடனே தமிழ் வகுப்பு ஞாபகம் வந்தது. நாம் படிப்பது க் + அ = க. கம்ப்யூட்டரோ க + புள்ளி = க் என்கிறது. நம் இலக்கணத்தைத் தலைகீழாக வைத்திருக்கிறது! இதைச் சொன்னதும் அக்கா, "ரெண்டு மாசமா நாங்க இதைக் கவனிக்கலம்மா. ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷ்லயே அடிச்சுப் பார்த்துட்டோம்" என்றார். அங்கேயே கட்டத்தைப் பெரிதாக்கினார்கள். தமிழ் எழுத்தைச் சரியாகப் பிரித்து எண்ணுவதற்கு 'ஓப்பன் தமிழ்' என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு இருப்பதையும் சொன்னார்கள். என் பெயர் முழுசாக ஏறியது. யாரும் சிரிக்கவில்லை.

நிரலில் இருக்கும் பிழைக்கு 'பக்', அதாவது பூச்சி என்று பெயர். இந்தச் சொல் முன்பே இருந்ததுதான். ஆனால் 1947-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 கம்ப்யூட்டருக்குள் நிஜமாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கியது. அதைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். நான் பிடித்தது அவ்வளவு பெரிய பூச்சி இல்லை. ஆனாலும் பூச்சிதான்.

இனி என் கருத்து. சமையல் தெரிந்தவர்தான் சமைக்க வேண்டும். ஆனால் உப்புக் குறைச்சல் என்று சொல்லச் சாப்பிடுகிறவர் வேண்டும். சமைத்தவர்களே சாப்பிட்டுப் பார்த்து 'நல்லாயிருக்கு' என்றால் போதாது. மென்பொருளும் அப்படித்தான். நாளைக்கு அந்த நூலகத்தில் பெயர் பதியப் போவது எங்க அப்பத்தா மாதிரி ஆட்கள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் பெயர் பாதியில் நின்றால், தப்பு தன் பேரில் என்றுதான் நினைப்பார். நானே அப்படித்தானே நினைத்தேன்?

"ஒன்றும் தெரியாதவர்கள் போனால் தெரிந்தவர்களுக்குத் தொந்தரவு" என்று சிலர் சொல்லலாம். அதிலும் நியாயம் உண்டு. போகிறவர்கள் வேடிக்கை மட்டும் பார்க்காமல் கவனிக்க வேண்டும், அடித்துப் பார்க்க வேண்டும், சரியாக வரவில்லை என்றால் வாய் திறந்து சொல்ல வேண்டும். புரியாததைக் கேட்க வெட்கப்படக் கூடாது. நான் காலையில் ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். அது என் தவறு.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். அடுத்த முறை "கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எழுந்திருங்கள்" என்று கேட்காமல், "யாருக்கு ஆசை?" என்று கேளுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? தமிழில் நன்றாக எழுதுகிறவர், படம் வரைகிறவர், சும்மா கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறவர், எல்லாருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

தோழிகளே, அப்படிக் கேட்டால் நீங்களும் எழுந்திருங்கள். கோடிங்கை இனிமேல் கற்றுக்கொள்ளலாம். நானும் கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டேன். சமோசாவும் நன்றாகத்தான் இருந்தது.



– முத்துலட்சுமி (ஏழு எழுத்து!),
ஒன்பதாம் வகுப்பு