தொப்பூர் இறக்கத்தில் ஆடுகிறதா உங்கள் பழைய கார்?

தருமபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் இறக்கம் பழக்கம்தான். பிரேக் பிடிக்காத லாரிகள் மோதும் இடம். 2014-ல் தயாரிப்பு நின்ற மாருதி 800 மாதிரியான பழைய கார் அந்த வளைவுகளில் ஆடினால், உடனே கெட்டி ஸ்பிரிங் போடச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள்.

காரின் ஒரு மூலையை நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். இரண்டு முறைக்கு மேல் குதித்தால், பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. இடது வலது இரண்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன ரப்பர்தான், அது வெடித்திருந்தால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. மாற்றிய கையோடு வீல் அலைன்மென்ட்.

இதற்குப் பிறகும் ஆடினால் கெட்டி ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்கலாம். பின்சீட்டில் பாட்டி இருந்தால் அவரையும் கேட்டுக்கொள்ளுங்கள்! காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை வெட்டுவது மட்டும் வேண்டாம். வேகத்தடையில் அடி தட்டும், மேடுபள்ளத்தில் டயரின் பிடியும் குறையும்.