தோழர் ஏங்கெல்ஸின் ஒயினும் கம்பத்துத் திராட்சையும்

1868-ல் கார்ல் மார்க்ஸின் மகள் ஜென்னி, குடும்ப நண்பரான ஏங்கெல்ஸிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டினார். பிடித்த நிறம் எது, பிடித்த பூ எது என்று கேட்கும் விளையாட்டு அது. காலேஜ் கடைசி நாளில் ஆட்டோகிராப் நோட்டில் எழுதிக் கொடுப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். "மகிழ்ச்சி என்றால் என்ன?" என்ற கேள்விக்கு அவர் புரட்சி, பாட்டாளி வர்க்கம் என்றெல்லாம் எழுதவில்லை. ஒரு ஒயினின் பெயரை எழுதினார். ஷாத்தோ மார்கோ, 1848-ம் வருடத்து அறுவடை! (கம்யூனிஸ்ட் அறிக்கை வெளியானதும் அதே வருடம்தான்.)

அப்படி என்னதான் இருக்கிறது அந்த பாட்டிலில்?

பிரான்சின் தென்மேற்கில் போர்தோ என்ற நகரம். அதற்கு வடக்கே மார்கோ என்ற சின்ன ஊர். ஊரின் பெயர்தான் தோட்டத்துக்கும் பெயர். சரளைக்கல் நிறைந்த மண், தண்ணீர் தேங்காது. அதில் பெரும்பாலும் காபர்னே சோவின்யோன் என்ற கருப்புத் திராட்சை, கூடவே மெர்லோ போன்ற வகைகள். தோலோடு நொதிக்க வைத்து, பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை வைத்திருந்துதான் பாட்டிலில் அடைப்பார்கள். 1855-ல் பாரிஸ் பொருட்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டபடி போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது, சிவப்பு ஒயினில் முதல் தரம் கிடைத்தது நான்கே தோட்டங்களுக்கு. அதில் ஒன்று மார்கோ. 1973-ல் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்ததைத் தவிர அந்த முதல் வரிசை இன்று வரை மாறவில்லை. இன்று ஒரு பாட்டில் வாங்கப் பல பத்தாயிரம் ரூபாய் வேண்டும்.

பழைய பெயர், நல்ல மண், அதனால் விலை... அவ்வளவுதானே என்று தோன்றும். அங்கேதான் தப்பு.

1970-களில் இதே மார்கோ தடுமாறியது. மண் அதே மண். 1855-ல் கிடைத்த முதல் தரமும் அப்படியே இருந்தது. ஆனால் ஒயின் சுமார்! போர்தோ சந்தையும் அப்போது சரிந்து கிடந்தது. சொந்தக்காரர்களால் தாக்குப்பிடிக்க முடியாமல் தோட்டம் விலைக்கு வந்தது. 1977-ல் அதை வாங்கியவர் ஆந்த்ரே மென்ட்ஸெலோபூலோஸ் என்ற கிரேக்கர். பிரான்சில் பெரிய மளிகைக் கடைச் சங்கிலி ஒன்றை நடத்தியவர். ஆமாம், மளிகைக் கடைக்காரர்! வந்தவுடன் வடிகாலைச் சரி செய்தார், கொடிகளை மாற்றி நட்டார், எமீல் பெய்னோ என்ற ஒயின் நிபுணரை அழைத்து வந்தார். 1980-ல் அவர் இறந்தபோது பொறுப்பை ஏற்ற மகள் கொரின்னுக்கு வயது 27தான்.

இதில் கவனிக்க வேண்டியது, இன்று அங்கே எதை ஒதுக்குகிறார்கள் என்பதுதான். அறுவடையில் பாதிக்கும் குறைவானதற்குத்தான் 'ஷாத்தோ மார்கோ' என்ற பெயர். தேறாதது இரண்டாவது ஒயினுக்கு, அதிலும் தேறாதது மூன்றாவதுக்கு. பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சொந்தச் சரக்கில் பாதிக்கு அந்தப் பெயரை மறுக்கத்தான் தைரியம் வேண்டும்.

இது வெள்ளைக்காரன் ஊரில்தான் நடக்கும் என்று ஒதுக்கிவிட முடியாது. பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடிவாரத்தில் 1988-ல் கன்வல் குரோவர் தோட்டம் ஆரம்பித்தார். மிஷேல் ரோலான் என்ற போர்தோ நிபுணர் ஆலோசகராக வந்தார். நம் வெயிலில் கொடி தூங்காது, வருடம் இரண்டு காய்ப்பு கூட எடுக்கலாம். ஒயினுக்கு ஒன்றுதான் எடுக்கிறார்கள். இங்கேயும் விட்டுக்கொடுத்துத்தான் தரம் வந்தது.

இப்போது நம்ம ஊர் திராட்சைக்கு வரலாம். பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் வழியில் சென்னீர்குப்பத்தில் தள்ளுவண்டியில் கருப்பாக, விதையோடு இருப்பதையெல்லாம் 'பன்னீர் திராட்சை' என்றுதான் விற்பார்கள். அந்தப் பன்னீர் திராட்சைக்குப் பேர் போன இடம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, கூடலூர் பக்கமெல்லாம் பந்தல் பந்தலாகக் கொடி. வருடம் முழுக்க அறுவடை. இந்த வகையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தவர் 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்கிறார்கள். 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

எல்லோரும் இனிப்பு கொடுத்துக் கொண்டாடியாச்சு. அப்புறம்?

வண்டியில் இருப்பது கம்பத்துப் பழமா, வேறு ஊர்ப் பழமா என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. நன்றாகப் பழுத்ததும் புளிப்பு மாறாததும் ஒரே கூடையில், ஒரே கிலோ விலையில். குறியீடு சட்டப் பாதுகாப்புதான், தரத்துக்கு உத்தரவாதம் அல்ல. 1970-களின் மார்கோ சொல்லும் பாடம் அதுதான்.

"அப்போ கம்பத்திலும் ஒயின் காய்ச்சச் சொல்கிறாயா, டாஸ்மாக் போதாதா?" என்று சிலர் சண்டைக்கு வரலாம். இல்லை. பன்னீர் திராட்சை முதலில் சாப்பிடும் பழம். அதிலிருந்து மார்கோ வராது, வரவும் வேண்டாம். எடுக்க வேண்டியது ஒயினை அல்ல, ஒதுக்கும் பழக்கத்தை.

இன்னொரு கேள்வி நியாயமானது. மளிகைக் கடைப் பணம் இருந்தவர் ஒதுக்கலாம். ஒரு ஏக்கர் பந்தலும் கடனும் வைத்திருக்கும் விவசாயி எப்படி ஒதுக்குவார்? தனியாக முடியாது. பிரான்சிலேயே எல்லோரும் அரண்மனை வைத்திருக்கவில்லை. அங்கே சிறு விவசாயிகள் கூட்டுறவு ஆலைகளில் சேர்ந்துதான் பிழைக்கிறார்கள். கம்பத்திலும் அப்படி ஒன்று வேண்டும். இவ்வளவு இனிப்புக்குக் கீழே இருந்தால் 'கம்பம்' முத்திரை கிடையாது என்று விவசாயிகளே சேர்ந்து விதி வைக்க வேண்டும். முத்திரை கிடைக்காத பழத்தை ஜூஸுக்கும் உலர்திராட்சைக்கும் நஷ்டமில்லாத விலைக்கு எடுத்துக்கொள்ள அந்தச் சங்கம் இருக்க வேண்டும். இரண்டாம் தரத்துக்கு வழி இருந்தால்தான் முதல் தரத்தைக் காப்பாற்ற முடியும்.

அது நடந்தால், சென்னீர்குப்பம் தள்ளுவண்டியில் ஒரு பெட்டி மட்டும் ஊர்ப் பெயரோடு, பத்து ரூபாய் கூடுதலாக நிற்கும். அந்தப் பத்து ரூபாய் பந்தல் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். குறியீடு வாங்கியதற்கு அர்த்தம் அன்றைக்குத்தான்.