ஓமந்தையில் ஒரு புழுவும் ஒரு மண்வெட்டியும்

ஓமந்தை என்றதும் என் தலைமுறைச் செய்தியாளர்களுக்கு நினைவில் எழுவது சோதனைச் சாவடிதான். 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்டது முதல் 2006 ஓகஸ்ட்டில் மூடப்படும்வரை அங்கு வரிசையில் காத்து நின்ற பொழுதுகள் கொஞ்சமல்ல. வீதியோரத்தில் மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகைகள் நின்றன. அவற்றைத் தாண்டி ஓர் அடியும் வைக்க முடியாது.

அண்மையில் அதே ஊரின் ஒழுங்கைகளில் காலை நடை சென்றேன். நண்பரின் எள்ளுத் தோட்டத்தில் விரல் பருமனான பச்சைப் புழு ஒன்று இருந்தது. உடலில் சாய்ந்த கோடுகள், வாலில் ஒரு கொம்பு. “கொத்திப்போடும் அண்ணை, கிட்டப் போகாதேங்கோ” என்று நண்பர் மண்வெட்டியை ஓங்கினார்.

அது கொத்தாது. கொம்பு வெறும் பயமுறுத்தல். மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிப் பின்னர் பெரிய அந்துப்பூச்சியாக வெளிவரும். அதன் முதுகிலும் மண்டையோடு போன்ற ஓர் அடையாளம் உண்டு. தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிக்கும், பிடித்தால் கீச்சிடும். ஐரோப்பாவில் இதன் இனத்தைச் சாவின் தூதன் என்று அஞ்சினார்கள். எள்ளில் ஒன்றிரண்டு புழுக்களென்றால் கையால் எடுத்துவிட்டாலே போதும்.

எல்லாப் புழுக்களும் அப்பாவிகள் என்று நான் வாதிடவில்லை. முருங்கையில் அப்பிக் கிடக்கும் மயிர்க்கொட்டி தோலில் பட்டால் தடித்துக் கடிக்கும். 2018இல் இலங்கைக்குள் புகுந்த படைப்புழு சோளச் செய்கையாளரைக் கலங்க வைத்தது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அந்தப் புழுவை அடையாளம் காண்பது கடினமன்று: தலையில் தலைகீழான ‘வை’ எழுத்து, வாற்புறத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இதை அறிந்தவர் குருத்தைப் பிரித்துப் பார்த்து ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பார். அறியாதவர் கண்ட புழுவுக்கெல்லாம் மருந்தடித்து, புழுவை அழிக்கும் குளவிகளையும் சேர்த்துக் கொல்வார்.

ஆகவே, புழுவின் பெயரறிவது பொழுதுபோக்கு மட்டுமன்று. பணத்தையும் பயிரையும் காக்கும் அறிவு. இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் பற்றி பிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவற்றுக்கான ஓவியங்களைத் தீட்டியவர்கள் டி அல்விஸ் குடும்பத்து இலங்கையர்கள். அந்த நூல் ஆங்கிலத்திலானது. வன்னிப் பிள்ளையின் கைக்கு அடக்கமான தமிழ்க் கையேடு ஒன்று வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. எந்தச் செடியில், எந்த நாளில், என்ன நிறத்தில் கண்டோம் என்பதை மாணவர்கள் எழுதட்டும். கைத்தொலைபேசியால் படமெடுக்கட்டும். இலையோடு ஒரு போத்தலில் வளர்த்து, என்ன பூச்சி வருகிறதென்று பார்க்கட்டும். இரவில் வெள்ளைத் துணியும் ஒரு விளக்கும் போதும். ஊர்ப் பெயர்களை முதியவர்களிடம் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்; அவர்களோடு பெயர்களும் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. மிதிபட்ட பாதையிலேயே நடக்க வேண்டும். பார்ப்பதற்கு அந்தப் பாதையோரமே தாராளம்.

அன்று நண்பர் மண்வெட்டியைத் தாழ்த்தினார். புழு இலையைத் தின்றுகொண்டே இருந்தது.