கம்ப்யூட்டருக்குள் புகுந்த கர்ணம்

கம்ப்யூட்டருக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். இருக்கட்டும். அதற்குள் ஏற்றப்பட்ட கணக்குப் புத்தகத்துக்குச் சாதி உண்டா இல்லையா? அதுதான் நம் கேள்வி.

திண்டிவனம் பக்கம் எங்கள் சேரி. பெரியம்மாவை அழைத்துக்கொண்டு மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். மஞ்சப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள். தாத்தா பேரில் வந்த டி.சி. நிலம். மடிப்பில் கிழிந்திருந்தாலும் சர்வே எண் தெரிந்தது. ஆபரேட்டர் பையன் எண்ணைத் தட்டினான். திரையைப் பார்த்தான்.

"ஆயா, இது வேற ஒருத்தர் பேர்ல இருக்குது. சிஸ்டத்துல இப்பிடித்தான் காட்டுது."

"அந்த சிஸ்டத்துக்கு யாருப்பா சொன்னது?"

பையனிடம் பதில் இல்லை. அவன் மேல் தப்பும் இல்லை. பதில் நூறு வருசத்துக்கு மேற்பட்ட பதிவேடுகளில் கிடக்கிறது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். மறுவருசம், 1892இல், ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்கு மட்டும்தான் கைமாற்றலாம். இந்த நிபந்தனைதான் பஞ்சமி நிலத்தின் உயிர். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அத்தனை நிலத்தின் உயிரும் எங்கே இருந்தது? கணக்குப் புத்தகத்தில், குறிப்புக் கலத்தில், ஒரு சின்ன வரியில். அந்தப் புத்தகம் யார் வீட்டில் இருந்தது? கர்ணம் வீட்டில். அந்தத் திண்ணையில் உட்கார எங்கள் தாத்தாவுக்கு உரிமை இல்லை. தெருவில் நின்றுதான் தன் நிலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும்.

இன்றைக்கு 'நிர்வாகச் சீர்திருத்தம்', 'மாற்ற மேலாண்மை' என்று வகுப்பெடுக்கிறார்களே, அவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த மண்ணில் நிர்வாகத்தை உண்மையிலேயே உலுக்கிய மாற்றம் 1980 நவம்பரில் நடந்தது. ஒரே அவசரச் சட்டத்தில் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அவர்கள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார்கள். 1982இல் தோற்றார்கள். பரம்பரையின் இடத்தில் பரீட்சை வந்தது, இடஒதுக்கீடு வந்தது. நம் பிள்ளைகளும் கிராம நிர்வாக அலுவலர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எந்த எந்திரமும் தேவைப்படவில்லை.

நாற்காலி மாறியது. புத்தகம்?

1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவு மேம்பாடு, யூ.டி.ஆர்., நடந்தது. பழைய பதிவேட்டிலிருந்து புதிய 'அ' பதிவேட்டுக்கு எழுதினார்கள். பல ஊர்களில் பஞ்சமி என்கிற குறிப்பு மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்துசேரவில்லை. அனுபவத்தில் இருக்கிறார் என்று சொல்லி ஆதிக்க சாதிக்காரருக்குப் பட்டா எழுதப்பட்டது. இதை 'எழுத்துப் பிழை' என்று சொல்வார்கள். பிழை ஏன் எப்போதும் ஒரே பக்கமாக நடக்கிறது? இது பிழை அல்ல, திருட்டு. 1994 அக்டோபரில் காரணையில் இந்த நிலத்தைக் கேட்டதற்காகத்தான் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

கம்ப்யூட்டரில் ஏறியது இந்தப் புதிய பதிவேடுதான். 2008இல் தேசிய நில ஆவண நவீனமயமாக்கல் திட்டம். 2016இல் அதற்கு 'டிஜிட்டல் இந்தியா' பெயர். ஸ்கேனர் வந்தது, சர்வர் வந்தது, அலுவலர்களுக்குப் பயிற்சி வந்தது. ஏற்றப்படுவது சரியான கணக்குதானா என்று சேரியில் வந்து கேட்டவர் யார்? கர்ணம் கள்ளக்கணக்கு எழுதினால் அது கள்ளக்கணக்கு என்று ஊருக்குத் தெரியும். அதே கணக்கு திரையில் வந்தால் அது 'டேட்டா'. உட்பிரிவு தேவைப்படாத கிரயமென்றால் பத்திரம் பதிந்ததும் பட்டா தானாகவே மாறும் ஏற்பாடும் வந்துவிட்டது. குறிப்புக் கலம் காலியாக இருந்தால் எந்திரம் எதைப் பார்த்துத் தடுக்கும்? பட்டா மாற்றம் நொடியில். திருத்தம் வேண்டும் என்றால் மட்டும் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் என்று வருசக்கணக்கில் படியேற வேண்டும்.

பக்கத்துக் கர்நாடகத்தில் 'பூமி' திட்டத்தை உலகமே பாராட்டியது. கிராமக் கணக்கரின் பிடி போனது, லஞ்சம் குறைந்தது என்றார்கள். பெங்களூர் சுற்றுவட்டாரத்தில் ஆய்வு செய்தவர்கள் 2007இல் வேறொன்றைச் சொன்னார்கள்: கணக்கு ஓரிடத்தில் குவிந்ததும் பெரிய கைகளுக்கு நிலத்தைச் சுருட்டுவது சுலபமானது.

அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாமா என்று தோழர்கள் கேட்கிறார்கள். அப்படிச் சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. எந்தத் திண்ணை முன்னாலும் நிற்காமல், துண்டை இடுப்பில் கட்டாமல், ஊரின் சிட்டாவை நான் செல்போனில் பார்க்கிறேன். என் தாத்தாவுக்கு வாய்க்காத விடுதலை இது. இதை விட்டுத்தர முடியாது. ஆனால் பார்க்கிற உரிமை வேறு, திருத்துகிற அதிகாரம் வேறு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைப் பூட்டி வைப்பதற்குப் பெயர் நவீனமயம் அல்ல.

நாம் கேட்பது இதுதான். யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேடுகளையும் ஸ்கேன் செய்து புதியதன் பக்கத்திலேயே போடு. இரண்டையும் ஒப்பிட்டு, ஊர்ச் சாவடியில் அல்ல, சேரியில் வாசி. பஞ்சமி சர்வே எண்கள் அத்தனையையும் பத்திரப்பதிவில் பூட்டு. சரிபார்க்கும் குழுவில் எங்கள் ஆட்களை உட்கார வை.

அரசு தானாகச் செய்யாது. மாணவத் தோழர்களே, 2005இன் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் கிராமத்தின் பழைய 'அ' பதிவேட்டுக்கு நகல் கேட்டு மனுப் போடுங்கள். வந்ததும் இன்றைய சிட்டாவோடு ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பாருங்கள். காணாமல்போன எண்களைச் சேரிச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குத் தனி ஆளாக ஒரு கிழவி போனால் ரசீதுதான் கிடைக்கும். ஊரே பட்டியலோடு போகட்டும்.

பெரியம்மாவின் காகிதம் மஞ்சப் பையில் அப்படியே இருக்கிறது. அவள் கேட்ட கேள்வியும்தான். சிஸ்டத்துக்கு இதுவரை சொன்னது அவர்கள். இனி நாம் சொல்லியாக வேண்டும்.