ஒரு கட்டம் எத்தனை அடி?

பெங்களூரில் இருக்கும் என் அக்கா மகன் சனிக்கிழமை இரவுகளில் தொலைபேசியை எடுப்பதில்லை. அந்த நேரத்தில் அவன் ஏதாவது ஒரு பாதாளச் சிறையில் இருப்பான். கூடவே கோவையில் ஒருவர், புணேயில் ஒருவர், டொரண்டோவில் இருவர். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்கிற விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். சண்டை வந்தால் பகடை தீர்மானிக்கும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இதைக் கொண்டுவந்தபோது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினார்கள். இப்போது மேசையே கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது.

சென்ற மாதம் அந்தக் குழுவில் ஒரு மரணம். டொரண்டோப் பெண் ஒருத்தி ஒன்றரை வருடமாக வளர்த்த பாத்திரம். ஏற்கெனவே காயம். ராட்சதனிடமிருந்து எட்டுக் கட்டம் தள்ளி நிற்கிறாள். திரையில் அளந்தால் 40 அடி. விதிப்படி ராட்சதன் ஒரு முறைக்கு 40 அடி நடப்பான். நடந்தான், அடித்தான், முடிந்தது. மறுவாரம் அந்தப் பெண் வரைபடத்தின் மூலையைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். பொடி எழுத்தில், 'ஒரு கட்டம் 10 அடி'. அதாவது நடுவே இருந்தது 80 அடி. கதையை நடத்தியவன் என் அக்கா மகன். படத்தை எங்கிருந்தோ இறக்கியவன், புரோகிராமில் முன்பே இருந்த 5 என்ற எண்ணை மாற்றவில்லை.

"விளையாட்டுதானேடா" என்றேன்.

"பகடையில செத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மாமா. இது என் கவனக்குறைவுல செத்தது."

எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் வரைபடம் ஒன்றை மொழிபெயர்த்தேன். அடியில் '1 செ.மீ. = 10 கி.மீ.' என்று சுத்தமாக எழுதிக் கொடுத்தேன். அச்சுக்குப் போகும்போது பக்கத்தில் அடங்க வேண்டும் என்று படத்தைப் பாதியாகச் சுருக்கினார்கள். வாக்கியம் சுருங்கவில்லை. வாசகர் ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்து கடிதம் போட்டார்: இரண்டு ஊர்களுக்கும் நடுவில் பாதித் தூரத்தைக் காணோமே, எங்கே போயிற்று? தவறு என்னுடையதுதான். கோடாக அளவு வரைந்திருந்தால் படத்தோடு அதுவும் சுருங்கியிருக்கும்.

கம்ப்யூட்டர் மேசையில் இந்தத் தொல்லை இரண்டு விதம். முதலாவது, கோடு பொருந்துவது. வரைபடத்தில் ஓவியர் போட்ட கட்டம் ஒன்று; அதன் மேல் புரோகிராம் விரிக்கும் கட்டம் இன்னொன்று. ரோல்20 என்ற தளத்தில் ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல். ஃபவுண்ட்ரி என்ற இன்னொன்றில் வழக்கமாக 100. படம் 2,000 பிக்சல் அகலம், அதில் 30 கட்டம் என்றால் கட்டத்துக்கு 66.67தான் வருகிறது. அதை அப்படியே ரோல்20இல் போட்டால் வாசலில் பொருந்திய கோடு உள்ளே போகப் போக விலகும். புரோகிராம் இருபது கட்டம் எண்ணி முடிக்கும்போது ஓவியர் இருபத்தொன்றைக் கடந்திருப்பார். சுவருக்குள் ஆள் நிற்பது இப்படித்தான். முதலில் படத்தின் கட்டங்களை எண்ணி, 70ஆல் பெருக்கி, 2,100 பிக்சலுக்குப் படத்தை இழுத்துவிட்டால் தீர்ந்தது. இந்தத் தவறு கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது. கோடெல்லாம் கச்சிதமாகப் பொருந்தும்; ஒரு கட்டம் என்றால் எவ்வளவு தூரம் என்ற எண் மட்டும் பொய்யாக இருக்கும். என் அக்கா மகனுக்கு நேர்ந்தது இதுதான். யோசித்தால் துப்பு இருந்திருக்கிறது. மனித பொம்மை ஒவ்வொன்றும் இரட்டைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றதாம். எல்லோரும் சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள். கட்டமே போடாத படங்களில் நல்ல சாட்சி கதவும் கட்டிலும்தான். கட்டிலில் ஆள் படுக்க முடியுமா என்று பார்த்தாலே அளவு பிடிபட்டுவிடும்.

இந்த 5 அடி ஆதியிலிருந்து வந்ததல்ல. பழைய விதிகளில் தூரமெல்லாம் அங்குலம். சுரங்கத்துக்குள் ஓர் அங்குலம் 10 அடி; வெட்டவெளியில் அதே அங்குலம் 10 கஜம். வாசலைத் தாண்டியதும் எல்லோருக்கும் கால் மூன்று மடங்கு நீண்டுவிடும்! கட்டத்துக்கு 5 அடி என்பது 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் நிலைபெற்றது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிபெயர்ப்பாளர்கள் 5 அடியை 1.5 மீட்டர் ஆக்கினார்கள். துல்லியமாகப் பார்த்தால் 1.524. அந்தத் தசமத்தைக் கைகழுவியது சரியான மொழிபெயர்ப்பு. ஆறு கட்டம் 9 மீட்டர் என்று மனதில் நிற்கிறது. நமக்கு அந்தச் சிரமமே இல்லை. மீட்டருக்குச் சட்டம் போட்டு எத்தனையோ வருடமாகியும் வீட்டு மனையைச் சதுர அடியில்தான் வாங்குகிறோம். என்ன, தமிழில் 'ராட்சதனின் ஐந்து அடி' என்றால் தூரமா, உதையா என்று கேட்க வேண்டியிருக்கும்.

அக்கா மகன் எண்ணை மாற்றவில்லை. 10 என்று போட்டால் பொம்மைகளையெல்லாம் பாதியாக்க வேண்டும். அதற்குப் பதில் படத்தை இரு மடங்கு பெரிதாக்கினான். ஓவியரின் ஒரு கட்டத்துக்குள் இப்போது புரோகிராமின் நான்கு கட்டங்கள். ராட்சதனை மண்டபத்தின் நடுவில், 40 அடியில் நிறுத்தி, அங்கிருந்து மறுபடி ஆடினார்கள். அந்தப் பெண் இரண்டு முறை தப்பினாள். மூன்றாம் முறை பகடை கைவிட்டது. இந்தத் தடவை ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். புதுப் பாத்திரத்துக்குப் பெயர் தேடுகிறாள்.